இராமநாதபுரம் கடற்கரைப் பள்ளியும் அயல்நாட்டுப் பள்ளியும் இணைந்து நீடித்த வளர்ச்சியைக் கற்பிக்க: ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நீளும் நம் கடற்கரையில் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியோ மேல்நிலைப் பள்ளியோ, வேறொரு நாட்டுப் பள்ளியுடன் சேர்ந்து நீடித்த வளர்ச்சி பற்றிய பாடத்தை நடத்த விரும்பினால், எங்கிருந்து தொடங்க வேண்டும், எவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பதை ஆசிரியர்களுக்காக இங்கே எழுதுகிறேன். இப்படியொரு கூட்டுறவு என்றதும் பல பள்ளிகளில் முதலில் நடப்பது கொடிகளை வரைவதும், பண்டிகைகளை விளக்குவதும், ஆடல் பாடலைக் காணொளியில் காட்டுவதும்தான். அவை பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி தருபவை. ஆனால் அவற்றோடு நின்றுவிட்டால் கடலைப் பற்றியோ குடிநீரைப் பற்றியோ மாணவர்கள் புதிதாக எதையும் அறிந்துகொள்வதில்லை. இரண்டு பள்ளிகளும் ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு, தத்தம் ஊரில் அளந்து பார்த்து, அளந்ததை ஒருவருக்கொருவர் அனுப்பி, ஏன் வேறுபடுகிறது என்று காரணம் தேடும்போதுதான் அது பாடமாகிறது. ஆகவே கூட்டாளிப் பள்ளியைத் தேடுவதற்கு முன்பே கேள்வியை முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வியைத் தேர்ந்தெடுத்தல்

2015 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட நீடித்த வளர்ச்சி இலக்குகள் 17. அவற்றின் கீழ் வரும் குறிக்கோள்கள் 169. எட்ட வேண்டிய ஆண்டு 2030. இந்தப் பதினேழையும் ஓராண்டில் தொட்டுக்காட்டிவிட வேண்டும் என்று முயலும் பள்ளி, சுவரொட்டிகளோடு முடித்துக்கொள்ளும். ஓர் ஆண்டுக்கு ஓர் இலக்கு போதும். அதிகம் போனால் இரண்டு. நம் கடற்கரைக்கு 14ஆம் இலக்கான கடல்வாழ் உயிர்களும், 6ஆம் இலக்கான குடிநீரும் இயல்பாகப் பொருந்துகின்றன. 14ஆம் இலக்கினுள்ளேயே சிறுதொழில் மீனவர்களுக்குக் கடல் வளமும் சந்தையும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று ஒரு குறிக்கோள் தனியாக இருப்பதை மாணவர்களுக்குக் காட்டுங்கள். வல்லத்திலும் நாட்டுப்படகிலும் தொழிலுக்குப் போகும் தங்கள் தகப்பன்மாரைப் பற்றி உலக ஆவணம் ஒன்று பேசுகிறது என்பது அவர்களுக்குச் சிறிய செய்தி அல்ல.

எடுத்துக்காட்டாக, கடற்பாசி எடுக்கும் தொழிலைக் கேள்வியாக்கலாம். பாம்பன் சின்னப்பாலம் முதலான ஊர்களில் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் கண்ணாடி மாட்டி, ஆழம் குறைந்த பாறைப் பகுதிகளில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்னும் பாசி வகைகளைக் கையால் பறிக்கிறார்கள். பறிப்பது மாதத்தில் 12 நாள் மட்டுமே என்றும், மீன்பிடித் தடைக்காலத்தில் தாங்களும் தொழிலை நிறுத்திப் பாசி வளர இடம் விடுவது என்றும் அந்தப் பெண்கள் தங்களுக்குள் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான சின்னப்பாலம் இலட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுகளின் இயற்கையைக் காப்போருக்கு வழங்கப்படும் சீகாலஜி விருது கிடைத்தது. இன்றைய தேவையை நிறைவேற்றும்போதே நாளைய தலைமுறையின் தேவைக்குக் குறை வைக்காமல் இருப்பதே நீடித்த வளர்ச்சி என்று 1987இல் ஐ.நா. அமைத்த பிரண்ட்லாண்ட் குழு வரையறுத்தது. பாடம் நடத்தும்போது அந்த வரையறையை முதலில் சொல்லாமல், மாதத்தில் 12 நாள் என்ற கட்டுப்பாட்டை முதலில் சொல்லி, அது ஏன் தேவைப்பட்டது என்று கேட்டுவிட்டுப் பிறகு வரையறைக்கு வாருங்கள். வகுப்பில் பாசி எடுக்கும் வீட்டுப் பிள்ளை ஒன்று இருந்தால், பதில் உங்களுக்கு முன்பே அங்கிருந்து வரும்.

இதே தொழிலில் விடை எளிதாகக் கிடைக்காத ஒரு கேள்வியும் இருக்கிறது. பாக் விரிகுடாப் பக்கம் மூங்கில் மிதவைகளில் கட்டி, சுமார் 45 நாளுக்கு ஒருமுறை அறுவடை செய்யப்படும் கப்பாபைகஸ் பாசி நம் கடலுக்கு உரியதன்று. பிலிப்பைன்ஸ் பகுதியிலிருந்து வந்தது. அதை வளர்ப்பது பல குடும்பங்களுக்கு வருமானம் தந்தது. அதே பாசி குருசடைத் தீவருகே பவளப்பாறைகளின் மேல் படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வருமானமும் வேண்டும், பவளப்பாறையும் வேண்டும் என்னும்போது யார் எதை விட்டுக்கொடுப்பது என்ற கேள்விக்குப் பாடநூலில் விடை கிடையாது. அதனாலேயே அதை ஒன்பதாம் வகுப்புக்கும் பதினோராம் வகுப்புக்கும் கொடுக்கலாம் என்பேன்.

பவளப்பாறையை வெட்டி எடுத்த கதையும் இதற்கு இணையானது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் நெடுங்காலம் பாறை வெட்டியது அதற்கு முக்கியக் காரணம் என்று சொல்லப்படுகிறது. தனுஷ்கோடியில் 1964 புயலுக்குப் பின் மிஞ்சி நிற்கும் தேவாலயச் சுவரில் அந்தப் பவளக்கல்லை மாணவர்கள் கண்ணால் பார்க்க முடியும்.

கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் பள்ளிகளுக்குக் கண்மாய்களும் சீமைக்கருவேலமும் முண்டு மிளகாயும் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்களும் கமுதியின் 648 மெகாவாட் சூரிய மின்நிலையமும் இருக்கின்றன. எதை எடுத்தாலும் ஒரு நிபந்தனையை மறக்க வேண்டாம். கேள்வியின் ஒரு பகுதியையாவது மாணவர்கள் தம் கையால் அளக்கவோ எண்ணவோ முடிய வேண்டும்.

கூட்டாளிப் பள்ளியைத் தேடுதல்

கேள்வி முடிவானதும் எந்த நாடு என்பது பாதி முடிவானது போலத்தான். பாசியைக் கேள்வியாக எடுத்தால், தென்கொரியாவின் ஜேஜு தீவில் ஆக்சிஜன் உருளை இல்லாமல் மூழ்கிச் சங்கும் பாசியும் எடுக்கும் ஹேன்யோ பெண்களின் ஊர்ப் பள்ளி பொருத்தமானது. அவர்களின் மரபை யுனெஸ்கோ 2016இல் மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தான்சானியாவின் சான்சிபார் தீவுகளில் பாசி வளர்ப்போரில் பெரும்பாலோர் பெண்கள். கடல்நீர் சூடேறுவதால் நல்ல விலை போகும் பாசி அங்கே சரியாக வளர்வதில்லை என்பது அவர்களின் கவலை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் கடலோரப் பள்ளிகளும் நல்ல தேர்வுகள். ஐரோப்பியப் பள்ளி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே தொழிலையும் ஒரே இடரையும் அறிந்த இரண்டு ஊர்கள் பேசிக்கொள்ளும்போது, உதவுபவர் ஒருவர், பெறுபவர் ஒருவர் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லாமல் போகிறது. நம் பிள்ளைகளுக்கு அந்தச் சமநிலை மிகவும் தேவை என்று உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு நன்மையும் உண்டு. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பள்ளியுடன் பழகும்போது நம் தமிழ்வழி மாணவர்களுக்குக் கூச்சம் குறைகிறது. இரண்டு பக்கமும் எளிய சொற்களையே தேடுவார்கள். படமும் வரைபடமும் எண்களும் மொழியின் வேலையைப் பாதி எடுத்துக்கொள்ளும்.

நம் கரைக்கு மிக அருகிலுள்ள அயல்நாட்டுப் பள்ளிகள், ஆதாம் பாலத்து மணல்திட்டுகளுக்கு அப்பால் தலைமன்னாரிலும் மன்னாரிலும் இருக்கின்றன. கடலும் ஒன்று, மொழியும் ஒன்று, நேரமும் ஒன்று. இந்தக் கூட்டுறவு அரிய பயன் தரும். அதே அளவு கவனமும் கேட்கும். மீனவர் கைது, படகு பறிமுதல் ஆகியவற்றால் துயருற்ற வீடுகள் இந்தப் பக்கம் உண்டு. கடலடியை வாரிச் செல்லும் இழுவை மடியால் வலையை இழந்த வீடுகள் அந்தப் பக்கம் உண்டு. மாணவர்களைத் தத்தம் நாட்டுக்காக வாதாட நிறுத்தாதீர்கள். முதல் ஆண்டில் இரு கரைக்கும் பொதுவான கடற்புல், ஆவுளியா என்னும் கடற்பசு, பாசி ஆகியவற்றைப் பற்றி மட்டும் பேசுங்கள். தமிழ்நாடு அரசு 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அந்த விலங்கு மேயும் கடற்புல் இரு நாட்டுக் கடலிலும் இருக்கிறது. இழுவை மடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடை செய்தது ஏன், நம் பக்கத்தில் அதிலிருந்து ஆழ்கடல் தொழிலுக்கு மாறுவது ஏன் கடினமாக இருக்கிறது என்பவற்றை, இரு பள்ளி ஆசிரியர்களுக்கும் பழக்கம் ஏற்பட்ட பிறகு, மேல்வகுப்பு மாணவர்களுடன் பேசலாம். மறைக்க வேண்டிய பொருள் அன்று. முதல் நாளே எடுக்க வேண்டிய பொருளும் அன்று.

பள்ளியைக் கண்டுபிடிக்க அமைப்பு சார்ந்த வழிகள் சில உண்டு. யுனெஸ்கோவின் இணைவுப் பள்ளிகள் வலையமைப்பு 1953 முதல் இயங்குகிறது; அதில் சேர ஒவ்வொரு நாட்டின் யுனெஸ்கோ தேசிய ஆணையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். 1988இல் தொடங்கிய ஐயேர்ன் (iEARN) என்னும் பன்னாட்டு வலையமைப்பு, பள்ளிகள் சேர்ந்து செய்யும் செயல்திட்டங்களையே மையமாகக் கொண்டது. ஏற்கெனவே நடக்கும் ஒரு திட்டத்தில் நம் வகுப்பைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால் முதன்முறை முயல்வோருக்கு இது எளிது. 1994இல் தொடங்கிய சூழல் பள்ளிகள் திட்டத்தை இந்தியாவில் அகமதாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி மையம் நடத்துகிறது.

அமைப்புகளை விட்டால், நம் மாவட்டத்துக்கே உரிய வழி ஒன்று இருக்கிறது. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி, தேவிபட்டினம் ஆகிய ஊர்களில் வளைகுடா நாடுகளிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ உறவினர் இல்லாத தெருவைக் காண்பது அரிது. அங்கே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் முன்னாள் மாணவர் ஒருவர் தம் பிள்ளையின் வகுப்பாசிரியரிடம் உங்கள் கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால், ஐம்பது மின்னஞ்சல்களால் ஆகாதது ஆகும்.

அனுமதியும் சட்டமும்

அரசுப் பள்ளியாக இருந்தால் தலைமையாசிரியர் வழியாக மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுதி, பதில் கடிதத்தைக் கோப்பில் வைத்த பிறகே வெளிநாட்டுப் பள்ளிக்கு அதிகாரபூர்வமாக எழுதுங்கள். விண்ணப்பத்தில் நீடித்த வளர்ச்சி இலக்குகளின் 4.7 என்ற குறிக்கோளைக் குறிப்பிடுவது பயன் தரும். நீடித்த வளர்ச்சிக்கான கல்வியையும் உலகக் குடிமை உணர்வையும் எல்லா மாணவருக்கும் கொடுக்க வேண்டும் என்பதே அது. தேசிய பசுமைப் படையோ சுற்றுச்சூழல் மன்றமோ பள்ளியில் இருந்தால் இந்த வேலையை அதன் செயல்பாடாகக் காட்டலாம். பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்தில் பெற்றோரிடம் முன்கூட்டியே விளக்கி, தீர்மானப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை என் அறிவுரை ஒன்றே: வாங்காதீர்கள். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010இன்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் பள்ளி வெளிநாட்டு நன்கொடை பெற முடியாது. நம் பிள்ளைகள் அனுப்பும் தண்ணீர்க் கணக்கைப் பார்த்து அந்தப் பள்ளிக் குழந்தைகள் மனமிளகி, நிதி திரட்டி அனுப்புகிறோம் என்று எழுதக்கூடும். அவர்களின் அன்புக்கு நன்றி சொல்லி, பணத்துக்குப் பதிலாக அவர்கள் ஊர்க் கணக்கை அனுப்பச் சொல்லுங்கள். இந்தப் பதிலை ஆசிரியர் தாமே எழுதாமல் மாணவர்களைக் கொண்டு எழுதவைப்பது இன்னும் நல்லது.

பிள்ளைகளின் படமும் பெயரும் வெளியே போகும் முன்பு பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். 18 வயது நிறையாதவர்களின் தரவுகளைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் தேவை என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. மாணவர்கள் ஒருவருக்கொருவர் கைப்பேசி எண்ணையோ சமூக ஊடகக் கணக்கையோ கொடுத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டாம். எல்லாம் பள்ளியின் மின்னஞ்சல் வழியே, இரண்டு ஆசிரியர்களின் கண் பார்வையில் நடக்கட்டும்.

கடலோரப் பள்ளிகளுக்கென்றே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. நண்பர்களுக்கு நம் கடலின் பொருளை அனுப்ப வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். பவளத் துண்டு, கடற்குதிரை, கடல் அட்டை ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உச்சநிலைப் பாதுகாப்பில் உள்ளவை; காய்ந்து கரையொதுங்கிய பவளத் துண்டையும் அஞ்சலில் வைக்கக் கூடாது. விதைகளும் செடிகளும் பிற நாட்டுத் தொற்றுத்தடுப்பு விதிகளில் சிக்கும். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுத்த படமும், மாணவர் கையால் வரைந்த ஓவியமுமே போதும். அதேபோல் மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக இருப்பதால், வனத்துறையின் அனுமதி இல்லாமல் மாணவர்களைத் தீவுக்கு அழைத்துச் செல்லக் கூடாது. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையத்துக்கு முன்கூட்டியே எழுதி, மாணவர்களைக் காட்சிக்கூடத்துக்கு அழைத்துச் செல்வது அதைவிட எளிது.

நாட்காட்டி

நம் கல்வியாண்டு ஜூனில் தொடங்குகிறது. ஜப்பானில் ஏப்ரலிலும் தென்கொரியாவில் மார்ச்சிலும் இங்கிலாந்தில் செப்டம்பரிலும் தொடங்குகிறது. நமக்குக் காலாண்டுத் தேர்வு செப்டம்பரில், அரையாண்டுத் தேர்வு டிசம்பரில். ஆகவே ஜூன், ஜூலையில் அனுமதியும் அறிமுகமும், ஆகஸ்ட்டில் அளக்கும் முறையைப் பழகுதல், அக்டோபர், நவம்பரில் இரு பள்ளிகளும் அளந்து பரிமாறுதல், ஜனவரியில் முடிவுகளை ஊருக்குச் சொல்லுதல் என்று வகுத்துக்கொண்டால் தேர்வுகளோடு மோதாது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளை இதில் இழுக்க வேண்டாம். எட்டாம், ஒன்பதாம், பதினோராம் வகுப்புகளே ஏற்றவை.

அளக்கும் வேலை

இரண்டு செயல்பாடுகளைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மற்றவற்றை இந்த அச்சிலேயே நீங்கள் உருவாக்கிக்கொள்ளலாம்.

முதலாவது குடிநீர்க் கணக்கு. நம் ஊர்களில் இரும்புச் சட்டத் தள்ளுவண்டியில் குடங்களை வரிசையாக வைத்துத் தண்ணீர் கொண்டுவருவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் குடத்தையே அளவாகக் கொள்ளுங்கள். ஒவ்வொரு மாணவரும் முதலில் தம் வீட்டுக் குடத்தில் ஒரு லிட்டர் பாட்டிலால் தண்ணீர் ஊற்றி, அது எத்தனை லிட்டர் கொள்கிறது என்று கண்டறிய வேண்டும்; எல்லாக் குடமும் ஒரே அளவு என்ற நினைப்பு அங்கேயே கலையும். பிறகு ஏழு நாட்களுக்கு, காலையிலும் மாலையிலும் வீட்டுக்கு வந்த குடங்களின் எண்ணிக்கை, எங்கிருந்து வந்தது, யார் கொண்டுவந்தார், எவ்வளவு நேரமானது, விலை கொடுத்து வாங்கியதா என்ற ஐந்து கட்டங்களை மட்டும் நிரப்ப வேண்டும். வாரக் கடைசியில் லிட்டராக்கி, வீட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கையாலும் ஏழாலும் வகுத்தால் ஓர் ஆளுக்கு ஒரு நாளைய அளவு கிடைக்கும். கிராமப்புறத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல். தங்கள் வீட்டுக் கணக்கை அதனோடு ஒப்பிடட்டும். கூட்டாளிப் பள்ளி மாணவர்கள் குழாய் மீட்டரைப் பார்த்து அதே ஏழு நாள் கணக்கை எழுதுவார்கள்.

இந்தக் கணக்கில் எண்ணைவிடப் பேச்சுக்கு வழி திறப்பது "யார் கொண்டுவந்தார்" என்ற கட்டம்தான். பெரும்பாலான வரிகளில் அம்மா, அக்கா, அப்பத்தா என்றே இருப்பதை மாணவர்களே எண்ணிப் பார்த்துச் சொல்லும்போது, 6ஆம் இலக்கிலிருந்து பாலினச் சமத்துவம் பற்றிய 5ஆம் இலக்குக்கு ஆசிரியர் வலிந்து இழுத்துச் செல்ல வேண்டியதில்லை. விருப்பமிருந்தால், நீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வாங்கிக் காவிரிக் கூட்டுக்குடிநீர், ஊருணி, கடற்கரை மணலில் தோண்டிய ஊற்று, கிணறு ஆகியவற்றின் நீரை அளக்கலாம். இந்தியத் தர நிர்ணயத்தில் குடிநீருக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீர் இல்லாதபோது 2000 வரை அனுமதி உண்டு. மீட்டர் காட்டுவது கரைந்துள்ள உப்புகளின் அளவை மட்டுமே, நோய்க்கிருமியை அது காட்டாது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வீடு கணக்கு வேறுபடும். தண்ணீர் வாங்கப் பணமில்லாத வீட்டுப் பிள்ளை தன் தாளைக் காட்டக் கூசும். ஆகவே தாள்களில் பெயர் எழுத வேண்டாம். எண் மட்டும் போதும். கூட்டாளிப் பள்ளிக்கு வகுப்பின் மொத்தக் கணக்கையே அனுப்புங்கள்.

இரண்டாவது கரையொதுங்கும் குப்பைக் கணக்கு. கடற்கரையில் 100 மீட்டர் நீளத்தைக் கயிற்றால் அளந்து இரண்டு முனையிலும் கம்பு நட்டுவிடுங்கள். கூட்டாளிப் பள்ளியும் அதே 100 மீட்டரை எடுக்க வேண்டும். மாணவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்துக் கையுறையும் சாக்கும் கொடுத்து, அலையடிக்கும் இடத்திலிருந்து அடம்பங்கொடி தொடங்கும் இடம் வரை உள்ளதைப் பொறுக்கச் சொல்லுங்கள். ஊசி, மருந்துக்குப்பி, உடைந்த கண்ணாடி ஆகியவற்றை யாரும் தொடாமல் ஆசிரியரைக் கூப்பிட வேண்டும். நிழலில் தார்ப்பாயை விரித்து, வலைத் துண்டு, கயிறு, பிளாஸ்டிக் பை, பாட்டில், செருப்பு, மீன்பெட்டித் தெர்மாகோல், மற்றவை என்று ஏழு குவியலாக்கி, ஒவ்வொன்றையும் எண்ணி, ஸ்பிரிங் தராசில் நிறுத்து எழுதுங்கள். எண்ணிக்கையும் எடையும் வேறுவேறு கதை சொல்லும். பை எண்ணிக்கையில் முந்தலாம், ஈரம் ஊறிய வலை எடையில் முந்தலாம். எதைக் கொண்டு ஒப்பிடுவது என்று இரு பள்ளி மாணவர்களும் விவாதிக்கட்டும். பொறுக்கியதைத் தூய்மைக் காவலரிடம் ஒப்படைப்பதை முன்கூட்டியே ஊராட்சியில் பேசி வையுங்கள்.

இதை ஒரு முறை மட்டும் செய்தால் பயன் குறைவு. வாடைக்காற்றுக் காலத்தில் பாக் விரிகுடாப் பக்கமும், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும்போது மன்னார் வளைகுடாப் பக்கமும் கொந்தளிக்கும் என்பது நம் மாணவர்களுக்குத் தெரிந்ததே. இராமேசுவரத்தில் பாக் விரிகுடாவைப் பெண்கடல், மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்று பிரித்துப் பேசுவதும் இந்த நிலத்தின் அறிவுதான். ஆகஸ்ட்டில் ஒருமுறையும் நவம்பர் கடைசியில் ஒருமுறையும் அதே 100 மீட்டரில் செய்தால், குப்பையின் அளவு காற்றோடு மாறுகிறதா என்பதை மாணவர்களே கண்டுகொள்வார்கள். கடல் முரடாக இருக்கும் நாளில் வேலையைத் தள்ளிப்போடுங்கள்; அன்றன்றைய நிலையை ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுவிட்டே மாணவர்களைக் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பெரியவர்களிடம் கேட்டு எழுதும் வேலை எந்தக் கேள்விக்கும் பொருந்தும். பாசி எடுக்கும் பெண்களிடம் பேச வேண்டுமானால் அவர்கள் கடலுக்குப் போகும் நாளில் நிறுத்திவைக்காதீர்கள். ஒரு நாள் தொழில் போனால் அன்றைய வருமானமும் போய்விடும். தொழில் இல்லாத நாளில், அவர்கள் இருக்கும் இடத்துக்கே மாணவர்கள் போகட்டும். அவர்கள் சொன்னதை எழுதி, வாசித்துக் காட்டி, சரி என்ற பிறகே வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். பெயரைச் சேர்க்கலாமா என்பதை அவர்களிடமே கேளுங்கள்.

பரிமாற்றம்

மாணவர்கள் முதலில் தமிழில் எழுதட்டும். சிந்தனை முழுமையாக வந்த பிறகு ஆங்கில ஆசிரியருடன் உட்கார்ந்து எளிய ஆங்கிலத்துக்குக் கொண்டுவரலாம். தமிழ் மூலத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். மொழிபெயர்ப்புச் செயலியை நம்பி அப்படியே அனுப்பினால் மரிக்கொழுந்துப் பாசி மரிக்கொழுந்துச் செடியாகிவிடும் அபாயம் உண்டு. ஊர்ப் பெயருள்ள ஒவ்வொரு பொருளுக்கும் படம் சேருங்கள்.

முதல் கடிதம் நீளமாக இருக்க வேண்டாம். அதன் சாரம் இவ்வளவு போதும்: "நாங்கள் பாம்பனுக்கு அருகில் உள்ள ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறோம். எங்கள் ஊரில் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். எவ்வளவு எடுக்கலாம் என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். உங்கள் ஊரில் இதை யார் முடிவு செய்கிறார்கள்? அக்டோபரிலும் நவம்பரிலும் இரண்டு முறை எங்கள் கணக்கை அனுப்புவோம். உங்கள் கணக்கையும் அதே முறையில் அனுப்ப முடியுமா?" இதனுடன் ஆசிரியர்கள் இருவரும் ஒரு பக்க உடன்பாடு எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கேள்வி, எந்த வகுப்பு, எத்தனை பரிமாற்றம், யாருக்கு எழுத வேண்டும், படங்களை எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது என்பவை அதில் இருந்தால் போதும்.

காணொளி உரையாடலை ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மேல் திட்டமிட வேண்டாம். ஜேஜு நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. நம் காலை 10 மணி அவர்களின் பிற்பகல் 1.30. சான்சிபார் இரண்டரை மணி நேரம் பின்னால். நம் பிற்பகல் 2 மணி அவர்களின் காலை 11.30. இங்கிலாந்தில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புவதால், அதுவரை நம் பிற்பகல் 2.30க்கு அங்கே காலை 10 ஆக இருந்தது பிறகு 9 ஆகும். உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் முந்தின நாளே ஒலிவாங்கியைச் சோதித்துவிடுங்கள். மழைக்காலத்தில் மின்சாரமோ இணையமோ நின்றுபோகலாம் என்பதால், பேச வேண்டியதை மாணவர்கள் முன்பே கைப்பேசியில் பதிவுசெய்து அனுப்பியிருந்தால் உரையாடல் தடைப்பட்டாலும் வேலை தடைப்படாது. ஆங்கிலம் நன்றாகப் பேசும் இரண்டு மூன்று பேரையே முன்னால் உட்காரவைக்கும் வழக்கத்தை விடுங்கள். குப்பையை எடை போட்ட மாணவர் தமிழில் சொல்லட்டும், இன்னொருவர் மொழிபெயர்க்கட்டும்.

கணக்குகள் வந்த பிறகு, எந்த ஊர் மேல் என்ற பேச்சு தானாகவே கிளம்பும். அதை வேறு திசைக்குத் திருப்புவது ஆசிரியரின் பொறுப்பு. அவர்களின் ஒரு நாள் தண்ணீர் நம்முடையதைவிடப் பல மடங்கு இருந்தால், அதில் எவ்வளவு குடிக்க, எவ்வளவு கழுவ, எவ்வளவு வீண் என்று அவர்களையே பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். நம் கரையில் வலைத் துண்டு மிகுதியாக இருந்தால், பழைய வலையைத் திரும்ப வாங்கும் ஏற்பாடு அவர்கள் துறைமுகத்தில் உண்டா என்று நம் மாணவர்கள் கேட்கட்டும். ஒவ்வொரு பள்ளியும் மற்றதற்கு மூன்று கேள்விகளாவது அனுப்பி, அவற்றுக்கான விடையைத் தன் ஊரில் தேடிச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்தால் ஒப்பீடு போட்டியாக மாறாது.

ஊருக்குச் சொல்லுதலும் அடுத்த ஆண்டும்

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நவம்பர் 1, ஜனவரி 26 ஆகிய நாட்கள் இந்த வேலைக்கு வசதியானவை. மாணவர்களின் குடிநீர்க் கணக்கையும் குப்பைக் கணக்கையும் ஒரு பக்கமாகச் சுருக்கி, ஊராட்சித் தலைவருக்கு முன்கூட்டியே கொடுத்து, பெற்றோர் ஒருவர் வழியாகச் சபையில் வாசிக்கச் செய்யுங்கள். குற்றச்சாட்டாக எழுத வேண்டாம். எந்தத் தெருவுக்கு எந்த நாளில் தண்ணீர் வரவில்லை, கரையில் எந்த இடத்தில் குப்பைத் தொட்டி தேவை என்று குறிப்பாக எழுதினால் பதில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அந்தத் தாளின் மொழிபெயர்ப்பையும், சபையில் கிடைத்த பதிலையும் கூட்டாளிப் பள்ளிக்கு அனுப்புங்கள். அவர்களும் தங்கள் ஊர் மன்றத்தில் என்ன சொன்னார்கள் என்று எழுதுவார்கள்.

மாணவர் என்ன கற்றார் என்பதை அறிய, ஜூனிலும் ஜனவரியிலும் ஒரே வினாவைக் கொடுத்து விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "நம் கடலில் பாசி தீர்ந்துபோகாமல் இருக்க யார் என்ன செய்ய வேண்டும்?" என்பது போன்ற வினா ஏற்றது. ஜூனில் "அரசு" என்று ஒரே சொல்லில் முடித்த பிள்ளை, ஜனவரியில் பறிப்பவர், வாங்கும் வியாபாரி, வனத்துறை, ஆராய்ச்சி நிலையம் என்று பிரித்து எழுதினால் பாடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இத்தகைய கூட்டுறவுகள் பெரும்பாலும் நின்றுபோவது பணமில்லாமல் அல்ல. தொடங்கிய ஆசிரியர் மாறுதலில் போய்விடுவதால்தான். எனவே முதல் ஆண்டிலிருந்தே இரண்டாவது ஆசிரியர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தனி மின்னஞ்சலில் எதையும் வைக்காமல் பள்ளியின் முகவரியிலேயே எல்லாக் கடிதமும் இருக்கட்டும். அனுமதிக் கடிதம், பெற்றோர் ஒப்புதல்கள், ஒரு பக்க உடன்பாடு, இரண்டு ஆண்டுகளின் அளவுத் தாள்கள், கம்பு நட்ட 100 மீட்டரின் வரைபடம் ஆகியவற்றை ஒரே கோப்பில் கோத்து, தலைமையாசிரியர் அறையின் பீரோவில் வைத்து, பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் அந்தக் கோப்பின் பெயரையும் எழுதிவிடுங்கள். எட்டாம் வகுப்பில் சேர்ந்த மாணவர் ஒன்பதுக்கு வரும்போது, புதிய எட்டாம் வகுப்புக்குக் குடத்தை அளக்கக் கற்றுக்கொடுப்பதை அவரிடமே ஒப்படையுங்கள்.